பெயரின்றி நின்ற ஓவியர்கள்

ஓவியர்கள் தம் முகத்தைத் தாமே வரைந்து வைப்பது ஐரோப்பாவில் நெடுங்கால வழக்கம். ரெம்பிராண்டின் முகத்தை இளமை முதல் முதுமை வரை நாம் அறிந்திருப்பது அவ்வழக்கத்தின் பயனே. ஆயினும் அப்படங்கள் ஓவியர் தம்மை எவ்விதம் காண விரும்பினாரோ அவ்விதம் அமைந்தவை. அதே ஊரில் கடை வைத்திருக்கும் நிழற்படக்காரர் ஒருவர் அவ்வூர் ஓவியர்களை எப்படிக் கண்டார் என்பது வேறு செய்தி. ஜெர்மனியின் கொலோன் நகரில் அத்தகைய ஒருவர் வாழ்ந்தார். பெயர் ஆகுஸ்ட் சாண்டர். 1920களில் தம் நகரத்து ஓவியர்களையும் சிற்பிகளையும் அவர் எடுத்த படங்களைப் பற்றியும், அவற்றில் நின்றவர்களுக்குப் பின்னர் நேர்ந்தவை பற்றியும் இங்கே எழுத எண்ணுகிறேன்.

கொலோன் என்றதும் நம் வாசகர்கள் பலருக்கு இரட்டைக் கோபுரப் பேராலயமும், மூன்று ஞானிகளின் திருப்பண்டங்களைத் தாங்கிய பொற்பேழையும் நினைவுக்கு வரும். அப்பேராலயத்தையும் அந்நகரின் பழைய கோவில்களையும் சாண்டர் படம் எடுத்ததுண்டு. ஆனால் அவரது வாழ்நாளை விழுங்கிய பணி மனித முகங்களைப் பற்றியது.

அவர் பிறந்தது 1876 நவம்பர் 17 அன்று, இரும்புச் சுரங்கங்கள் நிறைந்த ஹெர்டோர்ஃப் என்னும் சிற்றூரில். தந்தை சுரங்கத்தில் தச்சு வேலை செய்தவர். மகனும் சிறு வயதிலேயே சுரங்க வேலைக்குச் சென்றான். ஒரு நாள் சுரங்கத்தைப் படம் எடுக்க வந்த ஒருவருக்கு வழிகாட்டுமாறு அச்சிறுவனை அனுப்பினார்கள். அவரது கருவியின் கண்ணாடி வழியே தான் அன்றாடம் பார்த்த மலையையும் மேகத்தையும் அவன் கண்டான். அன்று தொடங்கிய ஆசைக்கு ஒரு மாமன் பணம் கொடுத்து உதவினார். பின்னர் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் அவர் நிழற்பட நிலையம் நடத்தினார். 1910இல் மனைவி மக்களோடு கொலோனில் குடியேறினார். புதிய ஊரில் தொடக்கத்தில் வாடிக்கையாளர் குறைவு. எனவே வெஸ்டர்வால்ட் மலைப்பகுதிக்குச் சென்று உழவர் குடும்பங்களைப் படம் எடுத்துப் பிழைத்தார். ஞாயிறு உடை அணிந்து, கைத்தடியை ஊன்றிக்கொண்டு, சிரிக்காமல் நிற்கும் அந்த முதியவர்களின் படங்களே பின்னாளில் அவரது பெரும் தொகுப்புக்கு அடித்தளமாயின.

அக்கால நிழற்பட நிலையங்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஓவியம் போலத் தோன்றும்படி படத்தை மென்மையாக்குவார்கள், சுருக்கங்களை அழிப்பார்கள், பின்னால் திரைச்சீலை தொங்கவிடுவார்கள். சாண்டரும் லின்ஸ் நகரில் இதைச் செய்து பதக்கங்கள் பெற்றவர்தாம். இவ்வழக்கத்தை அவர் கைவிட்டதில் ஓவியர்களுக்கும் பங்கு இருந்தது என்பதுதான் வியப்பு.

முதல் உலகப்போர் முடிந்தபின் கொலோனில் இளம் ஓவியர் குழு ஒன்று உருவாயிற்று. கலை வரலாற்றில் அவர்களை ‘கொலோன் முற்போக்காளர்’ என்று குறிப்பர். அவர்களுள் முதன்மையானவர் ஃப்ரான்ஸ் வில்ஹெல்ம் சைவெர்ட். 1894இல் பிறந்த அவருக்கு ஏழு வயதில் எக்ஸ்ரே கதிரால் சிகிச்சை அளிக்கப்பட்டது. அக்கதிரைப் பற்றி மருத்துவர்களே அதிகம் அறியாத காலம் அது. அதனால் ஏற்பட்ட புண் அவரது வாழ்நாளில் ஆறவே இல்லை. அவர் வரைந்த தொழிலாளர்களுக்கு முகம் இராது. தலைக்கு ஒரு வட்டம், தோளுக்கு ஒரு கட்டம். இயந்திர உறுப்புகள் போல வரிசையாக நிற்பார்கள். இந்தச் சமுதாயம் மனிதரை அப்படித்தான் ஆக்கி வைத்திருக்கிறது என்பது அவர் கருத்து. அவருடைய தோழர் ஹைன்ரிக் ஹொயர்லெ, போரில் கை கால் இழந்தவர்களை மரக்கைகளோடு வரைந்தார்.

முகத்தை நீக்கிய இந்த ஓவியர்களோடு முகத்தையே நம்பி வாழ்ந்த சாண்டர் நட்புக் கொண்டார். இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர். ஓவியர்களின் படைப்புகளைப் பதிவு செய்து கொடுக்கும் வேலையைச் சாண்டர் செய்தார். ஓவியர்கள் அவருக்குச் சமுதாயத்தை ஓர் அமைப்பாகக் காணக் கற்றுக் கொடுத்தனர். எந்திரங்களையும் கட்டடங்களையும் படம் எடுப்பவர்கள் பயன்படுத்திய வழவழப்பான தாளில், எவ்வித மெருகும் இன்றி, மனித முகத்தையும் அச்சிடலாம் என்னும் துணிவு அவருக்கு இக்காலத்திலேதான் வந்தது. ‘20ஆம் நூற்றாண்டின் மனிதர்கள்’ என்னும் பெருந்திட்டமும் அப்போதுதான் உருப்பெற்றது. தொகுதிக்கு 12 படமாக 45 தொகுதிகள். அவை அனைத்தும் ஏழு பிரிவுகளில் அடங்கும். உழவர், கைவினைஞர், பெண், தொழிற்பிரிவினர், கலைஞர், மாநகரம், கடைநிலை மனிதர் என்பன அப்பிரிவுகள். பார்வையற்றோர், நோயுற்றோர், இறந்தோர் ஆகியோரை அவர் ஏழாம் பிரிவில் வைத்தார்.

இப்பட்டியலில் கலைஞர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். ஐந்தாம் இடத்தில். முதலிடத்தில் மண்ணை உழுபவர் இருக்கிறார். அது மட்டுமன்று, படத்தின் கீழே பெயர் கிடையாது. கலைஞனுக்குப் பெயர்தானே சொத்து? கையொப்பம் இல்லாவிட்டால் ஓவியத்திற்கு விலை ஏது? சாண்டரோ 1929இல் வெளியிட்ட நூலில் ‘ஓவியர்’ என்றும் ‘சிற்பி’ என்றும் மட்டும் போட்டார். ‘அடுமனையாளர்’, ‘செங்கல் சுமக்கும் சித்தாள்’ என்று பிறருக்குப் போட்டதைப் போலவே. 1927இல் எடுத்த ஒரு படத்தின் தலைப்பு ‘கத்தோலிக்கக் குரு’. என் போன்றோருக்கும் அவ்வரிசையில் தனிச் சலுகை எதுவும் இல்லை என்பதை ஒரு புன்முறுவலோடு இங்கே பதிவு செய்கிறேன்.

படம் எடுத்த முறையைச் சற்று விளக்க வேண்டும். முக்காலியின் மேல் நிறுத்திய பெரிய பெட்டிக் கருவி. உள்ளே மருந்து பூசிய கண்ணாடித் தட்டு. இயற்கை ஒளியிலேயே பெரும்பாலும் எடுப்பார். எனவே கதவு திறந்து மூடச் சில நொடிகள் ஆகும். அந்நேரம் முழுவதும் நிற்பவர் அசையக் கூடாது. உதட்டில் பொய்ச் சிரிப்பை வைத்துக்கொண்டு சில நொடிகள் நிற்பது எவராலும் இயலாது. சிரிப்பு உறைந்து கோணலாகிவிடும். ஆகவே முகம் தன் இயல்பான அமைதிக்குத் திரும்பும். சாண்டர் எடுத்த படங்களில் காணும் அந்த அடக்கத்திற்கு அவரது மனப்பான்மை எவ்வளவு காரணமோ அவ்வளவு அக்கருவியும் காரணம். எப்படி நிற்பது என்பதையும் பெரும்பாலும் நிற்பவரிடமே விட்டுவிடுவார்.

தொழிலாளர்களை எடுக்கும்போது அவர்களின் கருவிகளும் உடனிருக்கும். அடுமனையாளர் பெரிய பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருப்பார். சித்தாளின் தோளில் செங்கல் அடுக்கு இருக்கும். ஆனால் ஓவியர்களின் படங்கள் பலவற்றில் தூரிகையும் இல்லை, வண்ணத்தட்டும் இல்லை. வெறுஞ்சுவரும் முகமுமே. ஹொயர்லெ ஒரு குத்துச்சண்டை வீரரை வரைந்துகொண்டிருக்கும் படம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி, ஓவியரின் கருவி அவர் கண்தான் என்று சாண்டர் நினைத்தார் போலும்.

ஒரு படத்தை நான் மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்ப்பதுண்டு. 1926இல் எடுத்தது. ஓவியர் ஆண்டன் ரேடர்ஷைட் கொலோன் நகரத் தெரு ஒன்றின் நட்டநடுவே நிற்கிறார். அதிகாலை, தெருவில் ஈ காக்கை இல்லை. கறுப்பு மேலங்கி, வட்டத் தொப்பி. இருபுறமும் வீடுகளின் வரிசை தொலைவில் சென்று மங்குகிறது. அவர் தம் ஓவியங்களில் இதே உடையணிந்த, விறைத்து நிற்கும் தனியன் ஒருவனை அடிக்கடி வரைந்தவர். தாம் தீட்டிய மனிதனாகவே அவரைத் தெருவில் நிறுத்திவிட்டார் சாண்டர். அந்தத் தனிமையில் சிறிது நடிப்பும் இருக்கிறது. அதை ஒளிக்க இருவருமே முயலவில்லை.

அவரது மனைவி மார்த்தா ஹேகமனும் ஓவியரே. அவரை எடுத்த படத்தில் கன்னத்தில் சிறு சிறு குறிகளை வரைந்துகொண்டு, நேரே நம்மைப் பார்க்கிறார். இன்னொரு படத்தில், பீட்டர் ஆபெலன் என்னும் ஓவியரின் மனைவி ஹெலேனெ, குட்டையாக வெட்டிய முடி, வெள்ளைக் கால்சட்டை, டை, பற்களுக்கிடையே கவ்விய சிகரெட்டு என நிற்கிறார்; கையில் தீக்குச்சி. அந்த உடையை வடிவமைத்தவர் கணவர்தான். பார்ப்பவர் முகம் சுளிப்பார் என்பது மூவருக்கும் தெரியும். ஆயினும் வெஸ்டர்வால்ட் மலையின் மூதாட்டிக்குத் தந்த அதே கவனத்தைத்தான் சாண்டர் இப்பெண்ணுக்கும் தந்தார். அவர் எவரையும் கேலி செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. உயர்த்திக் காட்டியதாகவும் தோன்றவில்லை.

1927இல் கொலோனில் இப்படங்களின் கண்காட்சி நடந்தது. 1929இல் ‘காலத்தின் முகம்’ என்னும் நூல் வந்தது. அதில் 60 படங்கள். முன்னுரை எழுதியவர் புகழ்பெற்ற நாவலாசிரியர் ஆல்ஃபிரெட் டோப்ளின். உழவரில் தொடங்கும் அந்நூல் தெருமுனையில் தொப்பியைக் கையில் பிடித்து நிற்கும் வேலையற்ற மனிதர் ஒருவரோடு முடிகிறது. 1931இல் சாண்டர் வானொலியில் உரைகள் நிகழ்த்தி, நிழற்படம் உலகப் பொதுமொழியாகலாம் என்னும் தம் நம்பிக்கையை எடுத்துரைத்தார்.

இரண்டே ஆண்டுகளில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 1933 ஜூலையில் சைவெர்ட் இறந்தார். குழந்தைப் பருவத்துப் புண்ணே அவரை முடித்தது. 1936இல் ஹொயர்லெ காசநோய்க்குப் பலியானார். அதே ஆண்டில் சாண்டரின் நூலின் அச்சுக் கட்டைகள் அழிக்கப்பட்டன. எஞ்சிய பிரதிகள் பறிமுதலாயின. ஜெர்மானியர் எல்லாரும் ஒரே வார்ப்பில் அமைந்த வீரர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, உழவரும் ஓவியரும் வேலையற்றவரும் ஒரே வரிசையில் நிற்கும் நூல் கசந்ததில் வியப்பில்லை.

ஓட்டோ ஃப்ராய்ண்ட்லிக்கின் கதையைத் தனியே சொல்ல வேண்டும். யூதரான இவர் ஓவியரும் சிற்பியும் ஆவார். 1912இல் இவர் செதுக்கிய பெரிய தலைச் சிற்பம் ஒன்றின் படத்தை, 1937இல் மியூனிக் நகரில் தொடங்கிய ‘சீர்கெட்ட கலை’ கண்காட்சியின் கையேட்டு அட்டையில் நாஜிகள் அச்சிட்டனர். ‘கலை’ என்னும் சொல்லை மேற்கோள் குறிக்குள் வைத்து ஏளனம் செய்தார்கள். அந்தச் சிற்பம் பின்னர் காணாமற் போயிற்று. ஃப்ராய்ண்ட்லிக் பிரான்சில் பிடிபட்டு, 1943இல் போலந்து மண்ணிலிருந்த கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டு மாண்டார். 1925ஆம் ஆண்டையொட்டிச் சாண்டர் எடுத்த படத்தில் அவர் நிதானமாக, சற்றே களைப்புடன் பார்க்கிறார். நாடெங்கும் கைநகைக்கக் காட்டப்பட்ட அவரது படைப்பையும் இந்த முகத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. சாண்டர் 1924இல் படம் எடுத்த மற்றொரு யூத ஓவியர் யாங்கெல் ஆட்லர் தப்பி, இறுதியில் இங்கிலாந்து சேர்ந்தார். அவருடைய உடன்பிறந்தவர்கள் ஒருவரும் பிழைக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. மனிதரை வகை பிரித்து அடுக்குவது சாண்டருக்கு மட்டும் தோன்றிய எண்ணமன்று. அதே ஆண்டுகளில் மூக்கையும் மண்டையோட்டையும் அளந்து, படம் எடுத்து, மனிதரை இன அட்டவணைகளில் அடைத்தவர்களும் ஜெர்மனியில் இருந்தனர். சாண்டரும் முகத்தைப் படித்தால் மனிதரைப் படிக்கலாம் என்று நம்பியவரே. அப்படியாயின் இரண்டுக்கும் தொலைவு எவ்வளவு? அவரைப் போற்றுபவர்கள் இக்கேள்வியை எளிதில் கடந்துவிடுகிறார்கள். அவ்வளவு எளிதன்று என்பது என் எண்ணம். எனினும் ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. இனவாதி ஒருவரின் பிறப்பைப் பார்த்து வகுத்தான். முடிவை முன்னதாகவே எழுதி வைத்துக்கொண்டு அதற்கேற்ற முகத்தைத் தேடினான். சாண்டர் ஒருவர் செய்யும் வேலையைப் பார்த்து வகுத்தார். படத்தில் நிற்பவரோ அந்த வகையின் எல்லையை மீறி வெளியே வந்து நிற்கிறார். ‘ஓவியர்’ என்ற தலைப்பின் கீழ் நாம் காண்பது ஓவியர் குலத்தை அன்று. கண்ணின் கீழ் இலேசான வீக்கமும், முறுக்கிய உதடும் கொண்ட ஒரே ஒரு மனிதரை.

முகத்தைப் பற்றி நம் மொழியில் நல்ல சொற்கள் உண்டு. ஒருவரை நேரில் கண்டபின் மறுத்துப் பேச இயலாமற் போவதை முகதாட்சணியம் என்கிறோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில், கடவுள் ஆள்பார்த்துச் செயல்படுபவர் அல்லர் என்று வரும் இடங்களில், முகத்தை ஏற்றல் என்னும் பொருள்படும் சொல்லே நிற்கிறது. சிலர் முகத்தை மட்டும் ஏற்று மற்றவர் முகத்தைத் தள்ளும் ஓரவஞ்சனையை அது குறிக்கும். குருமடத்தில் இச்சொல்லைப் படித்தபோது இலக்கணக் குறிப்பாக மட்டுமே அது மனத்தில் நின்றது. சாண்டரின் படங்களைப் பார்த்தபின்னர்தான் அதன் கனம் எனக்குப் புரியலாயிற்று.

அந்தச் சமநோக்கு அவரை எங்கே கொண்டு சென்றது என்பது மனத்தை உறுத்துவது. 1938இல் யூதர்கள் தனி அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று ஆணை வந்தது. கொலோன் நகர யூதர்கள் சிலர் அவ்வாண்டளவில் சாண்டரிடம் படம் எடுத்துக்கொள்ள வந்தனர். அவர் எடுத்த படங்களில் குற்றவாளிகளின் சாயல் இல்லை. ஒரு பக்கத்து ஒளியில் அமர்ந்திருக்கும் மதிப்புக்குரிய முதியவர்களும் அன்னையருமே இருக்கிறார்கள். அதே நிலையத்திற்கு நாஜிச் சீருடை அணிந்தவர்களும் வந்தனர். அவர்களையும் எடுத்தார். போருக்குப்பின் தம் பெருந்தொகுப்பை மீண்டும் அடுக்கியபோது ‘தேசிய சோசலிசவாதி’ என்றொரு தொகுதியும் ‘துன்புறுத்தப்பட்டோர்’ என்றொரு தொகுதியும் அதில் இடம்பெற்றன. கொலைஞரையும் கொலையுண்டோரையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்பவர் உண்டு. நான் அதை வேறு விதமாகக் காண்கிறேன். இரு தொகுதிகளும் ஒரே பெருந்தொகுப்பில் இருப்பதால்தான், சீருடைக்காரர்களும் வேற்றுலக அரக்கர்கள் அல்லர், அதே தெருவில் வாழ்ந்த மனிதர்கள் என்பது நமக்குத் தெரிகிறது. அது அவர்கள் குற்றத்தைக் குறைப்பதில்லை. பெயரின்றி இருந்த அந்த யூதர்கள் பலரின் பெயர்களை ஆய்வாளர்கள் தேடிக் கண்டறிந்தனர். 2018இல் பாரிஸ் நகரின் யூத இன அழிப்பு நினைவகத்தில் அப்படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன.

சாண்டர் தாமும் இதற்கு வெளியே நின்றவரல்லர். அவருடைய மூத்த மகன் எரிக், நாஜி ஆட்சியை எதிர்த்த சோசலிசத் தொழிலாளர் கட்சியில் இருந்ததால் 1934இல் கைதானார், பத்தாண்டுத் தண்டனை. சீக்பர்க் சிறையில் அவருக்கு நிழற்பட வேலை தரப்பட்டது. உடன் இருந்த அரசியல் கைதிகளை அவர் எடுத்த படங்களும் தந்தையின் தொகுப்பில் சேர்ந்தன. 1944 மார்ச்சில், விடுதலைக்குச் சில மாதங்களே இருக்கையில், குடல்வால் வெடித்து, தக்க மருத்துவம் கிடைக்காமல் எரிக் இறந்தார். அவரது முகத்திலிருந்து எடுத்த சாந்து வார்ப்பைத் தந்தை படம் எடுத்தார். உழவரில் தொடங்கி ஆயிரக்கணக்கான முகங்களை எடுத்தவர் தம் மகனின் மூடிய கண்களைத் தொகுப்பின் கடைசிப் பிரிவில் வைத்தார். அதன் கீழும் தந்தை என்ற முறையில் ஒரு சொல்லும் இல்லை. நம் இல்லங்களில் முதியவர் ஒருவரின் படம் பெரும்பாலும் அவர் இறந்தபின் சட்டமிட்டு மாலையுடன் சுவரேறும். அதன் முன் நிற்கும்போது நாமும் பேசுவதில்லை.

அதே 1944இல் குண்டுவீச்சில் கொலோன் நிலையம் அழிந்தது. அதற்கு முன்பே ஏறத்தாழ 10,000 நெகட்டிவ்களை வெஸ்டர்வால்ட் பகுதியிலுள்ள குக்ஹவுசன் என்னும் சிற்றூருக்குச் சாண்டர் கொண்டு சென்றிருந்தார். நகரில் நிலவறையில் வைத்திருந்த ஏறத்தாழ 30,000 நெகட்டிவ்கள் குண்டுக்குத் தப்பி, 1946இல் மூண்ட தீயில் சாம்பலாயின. எஞ்சியவற்றை வைத்துக்கொண்டு அவர் சிற்றூரிலேயே தொகுப்பை அடுக்கியும் கலைத்தும் வந்தார். 1964 ஏப்ரல் 20 அன்று மறைந்தபோது பணி முடிந்திருக்கவில்லை. மகன் குந்தர் 1980இல் பெருநூலாக அதை வெளியிட்டார்.

அதிகாலைத் தெருவில் நின்ற ரேடர்ஷைட் நாஜி ஆட்சியில் ஜெர்மனியை விட்டு வெளியேறி, பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் அலைந்து, 1949இல் கொலோன் திரும்பினார். 1967இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மூளை தாக்குண்டதால் இடப்புறம் உள்ளதை உணரும் திறன் போயிற்று. அதன்பின் கண்ணாடியைப் பார்த்துத் தம் முகத்தையே வரையத் தொடங்கினார். முதலில் வரைந்தவற்றில் பாதி முகமே இருந்தது. தாளின் இடப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. விடாமல் வரைந்தார். அறுபதுக்கும் மேற்பட்ட அப்படங்களில் மறுபாதி முகம் கோடு கோடாகத் திரும்பி வருவதைக் காணலாம். 1970 மார்ச்சில் அவர் கொலோனிலேயே காலமானார். கன்னத்தில் குறிகள் எழுதி நின்ற மார்த்தா ஹேகமன் அதற்குச் சில வாரங்களுக்கு முன் அதே நகரில் இறந்திருந்தார்.